பழைய போர்க்கத்தி வாங்கப் போகிறீர்களா? உறையையும் வடிவாகப் பாருங்கள்

கொழும்பில் பழைய சாமான் கடையில் ஒரு போர்க்கத்தியை எடுத்துக் காட்டினால் கூடவே ஒரு கதையும் வரும். "தம்பி, இது வெள்ளைக்கார நேவிக்காரன் திருகோணமலையில வாப்பாவுக்குக் குடுத்தது." எனக்கு முதல் கத்தியை விற்ற நானா இதைத்தான் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவருடைய வாப்பா சொன்னதை அவர் நம்பினார், அவர் சொன்னதை நான் நம்பினேன்.

இந்த நாட்டில் அப்படி ஒரு கதை நடந்திருக்கக்கூடியதுதான். அதுதான் சிக்கல். இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. 1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். அதே ஆண்டில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையின் பெயரில் ஒரு முகாம் இயங்கியது. பர்மாக் கரைக்கு இரவில் சிறு வள்ளங்களில் போய் வேவு பார்த்த பிரித்தானியப் பிரிவுகளின் தளம் அது. ஆகவே ஒரு கொமாண்டோக் கத்தி யாழ்ப்பாணத்து வீடு ஒன்றின் அலுமாரியில் கிடந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போக முடியாது.

ஆனால் நடந்திருக்கலாம் என்பது வேறு, இந்தக் கத்திக்கு நடந்தது என்பது வேறு. நான் வாங்கிய கொமாண்டோக் கத்தியின் கைக்காப்பில் (அலகுக்கும் பிடிக்கும் நடுவே குறுக்காக நிற்கும் தகடு) கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஏதோ எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் வாசிக்க முடிந்தது. 'இங்லண்ட்' என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தது. இந்த வகைக் கத்தியில் நாட்டின் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் போருக்குப் பிறகு வெளிநாட்டில் விற்பதற்காகச் செய்தது. போர் நடக்கும்போது படைக்குக் கொடுத்த கத்தியில் அதை எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. கத்தி மோசமானதல்ல, ஷெஃபீல்ட் பட்டறையில் செய்த நல்ல சாமான். நான் கொடுத்த விலைதான் வேறொரு கத்திக்கு உரியது.

இனிப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த இழப்பு வேண்டாம் என்பதற்காக, நான் இப்போது பார்க்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்குப் பூதக்கண்ணாடி ஒன்று. செட்டியார் தெருவில் நகைத் தொழிலுக்கான கருவி விற்கும் கடைகளில் கேளுங்கள். சிறிய காந்தம், அங்குல அளவுநாடா, சிறிய ரோச் லைட். அதோடு, கள்ள நோட்டுப் பார்க்கக் காசாளர்கள் வைத்திருக்கும் ஊதா வெளிச்ச விளக்கு. கடைசியாகச் சொன்னதுதான் உறையைப் பார்க்கும்போது மிகவும் உதவும். ஏன் என்பது கீழே வருகிறது.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் இருக்கும் மின்குமிழ் வெளிச்சத்தில் பழுப்பும் கறுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

முதலில், இது எந்தக் கத்தி?

எல்லோரும் தேடுவது ஃபேர்பேர்ன்–சைக்ஸ் கத்தி, கொமாண்டோக் கத்தி என்பதும் இதைத்தான். சுருக்கமாக எஃப்–எஸ் என்பார்கள். ஷங்ஹாய் நகரப் பொலிஸில் இருந்த வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் என்ற இருவர் வடிவமைத்தது. 1940 நவம்பரில் லண்டன் வில்கின்சன் ஸ்வோர்ட் நிறுவனத்தோடு பேசி முடித்தார்கள், 1941 ஜனவரியில் முதல் தொகுதி வெளியே வந்தது. இரு பக்கமும் கூர், நடுவில் முதுகெலும்பு போல ஒரு வரம்பு, அலகு ஏறத்தாழ 7 அங்குலம். இதில் மூன்று வடிவங்கள் உண்டு. அந்த மூன்றையும் கண்ணை மூடினாலும் தெரியும்படி படித்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் இடையில்தான் நடக்கிறது.

முதல் வடிவத்தின் கைக்காப்பு நேராக இருக்காது. ஒரு முனை முன்னாலும் மறுமுனை பின்னாலும் வளைந்து 'எஸ்' எழுத்துப் போல இருக்கும், அகலம் 3 அங்குலம். அலகு கைக்காப்பைத் தொடும் இடத்தில் கூர் இல்லாத தட்டையான சதுரம் ஒன்று இருக்கும். அதில் ஒரு பக்கம் வில்கின்சன் பெயரும் மறுபக்கம் எஃப்–எஸ் கத்தி என்ற வாசகமும் அமிலத்தால் அரித்து எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் வடிவத்தில் கைக்காப்பு நேரானது, முட்டை வடிவத் தகடு, 2 அங்குலம். அந்தத் தட்டைச் சதுரம் போய்விட்டது. இரண்டிலும் பிடி பித்தளை. கைக்கு வழுக்காமல் இருக்க அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கட்டம் வெட்டியிருக்கும். மூன்றாம் வடிவம் 1943இன் பிற்பகுதியில் வந்தது. போர் நடுவில் பித்தளையும் நேரமும் மிச்சப்பட வேண்டும், ஆகவே பிடியை மலிவான கலப்பு உலோகத்தில் வார்த்தார்கள். கட்டங்களுக்குப் பதிலாக வளையம் வளையமாக இருக்கும், மேலே கறுப்புப் பூச்சு. நீங்கள் கையில் எடுக்கப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். இதே வடிவம் போருக்குப் பிறகும் தொடர்ந்து செய்யப்பட்டது. என் முதல் கத்தியும் அப்படி வந்ததுதான்.

காந்தத்தைப் பிடியில் வையுங்கள். பித்தளையிலும் வார்ப்புக் கலவையிலும் அது ஒட்டாது. பிடியில் இறுக ஒட்டினால், பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பாக இருக்கலாம். அங்கே நிறுத்தி யோசியுங்கள். அலகில் காந்தம் ஒட்டினால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று எழுதியிருந்தால் போர்க்காலக் கத்தி என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

அமெரிக்கக் கத்திகள் இங்கே குறைவாகத்தான் கண்ணில் படும், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மரைன் படையின் கத்தி, கா–பார் என்று பேர் பெற்றது, 1942 நவம்பரில் ஏற்கப்பட்டது. தோல் வட்டங்களை அடுக்கி அமுக்கிய பிடி, 7 அங்குல அலகு. கமிலஸ், யூனியன் கட்லெரி, ரோப்சன், பால் என்று பல நிறுவனங்கள் செய்தன. 'கா–பார்' என்ற பெயர் இல்லாவிட்டால் போலி என்று நினைக்க வேண்டாம். தரைப்படையின் எம்3 கத்தி 1943இல் வந்து, 1944இல் எம்4 பயனெற் (துவக்கின் முனையில் மாட்டும் கத்தி) வந்ததோடு நின்றுபோனது. அதன் தொடக்கக் கத்திகளில் செய்தவர் பெயரும் 1943 என்ற ஆண்டும் அலகிலேயே இருக்கும், பிந்தியவற்றில் பெயர் கைக்காப்புக்குப் போய்விடும்.

கொழும்பில் என் கண்ணில் அதிகம் பட்டது கத்தியே அல்ல, லீ–என்ஃபீல்ட் துவக்கின் 1907ஆம் ஆண்டு வடிவப் பயனெற். 17 அங்குல அலகு. அதில் எழுத்து நிறைய இருப்பதால் படித்துப் பழக இதைவிட நல்ல சாமான் இல்லை. ஒரு பக்கம் கிரீடம், அரசர் பெயரின் முதலெழுத்துகள், 1907 என்ற வடிவ ஆண்டு, அதற்குக் கீழே செய்த மாதமும் ஆண்டும், செய்தவர் பெயர். மறுபக்கம் அம்புக்குறி, பரிசோதகர் முத்திரைகள், வளைத்துப் பார்த்து ஏற்றதற்கான பெருக்கல் குறி. புதியவர்கள் செய்யும் தவறு, 1907 என்பதைச் செய்த ஆண்டாக வாசிப்பது. அது வடிவத்தின் பெயர் மட்டும்தான். இதையே பாதியில் வெட்டி, முனையைத் தீட்டி, 'கொமாண்டோக் கத்தி' என்று விற்பதும் உண்டு. கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரியில் சிங்கத்தலைப் பிடி, உறையில் பூ வேலைப்பாடு, அலகில் 'இந்தியா' என்ற பெயர் இவை இருந்தால் அது உல்லாசப் பயணிகளுக்கான நினைவுப் பொருள். படைக்குக் கொடுத்தது அலங்காரம் இல்லாதது, முத்திரை உள்ளது.

முத்திரையை வாசிக்கும் முறை

பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கான அடையாளம் அகன்ற அம்புக்குறி. கோழிக் காலடி போல மூன்று கோடுகள். அதைக் கண்டவுடன் மனம் துள்ளும். பொய் முத்திரை குத்துபவருக்கும் அது தெரியும். ஒரு குத்துளியும் சுத்தியலும் இருந்தால் யாரும் மூன்று கோடு போடலாம்.

ஆகவே முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அது எப்போது விழுந்தது என்று பாருங்கள். பட்டறையில் முதலில் முத்திரை, பிறகுதான் மினுக்கலும் கறுப்புப் பூச்சும் என்றால், பள்ளத்தின் அடியிலும் அதே பூச்சு இருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். பின்னால் யாராவது குத்தினால் பள்ளத்தைச் சுற்றி உலோகம் சிறு வரம்பாக எழும்பி நிற்கும், நகத்தால் தடவினால் பிடிபடும். அடியில் வெள்ளை உலோகம் மினுங்கும், அல்லது அதை மறைக்கப் போட்ட மை ஒட்டாமல் நிற்பது பூதக்கண்ணாடியில் தெரியும். லேசர் எழுத்து என்றால் கோட்டின் ஆழம் எங்கும் ஒரே அளவாக இருக்கும். அமிலம் அரித்த பழைய எழுத்தில் அப்படிச் சீர் இருக்காது, பாவித்த கத்தியானால் பாதி எழுத்துத் தேய்ந்தும் போயிருக்கும்.

அடுத்தது கறள். எண்பது ஆண்டுக் கறள் கடும் பழுப்பு, சில இடங்களில் கறுப்பு. விரல் படும் இடத்தில் குறைந்தும் விரல் போகாத மூலையில் கூடியும் இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டெடுத்த கறள் செம்மஞ்சளாக, அலகு முழுக்க ஒரே மாதிரிப் படிந்திருக்கும், கடதாசியால் தேய்த்தால் பொடியாக வரும். கூரைத் தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கியிருந்தால் அதை நான் குறையாக எடுப்பதில்லை. யாரோ அதைப் பாவித்திருக்கிறார்கள்.

பிடியின் மேல்முனையில் இருக்கும் சிறு நட்டையும் விடாதீர்கள். அதில் சாவி பிடித்த கீறலோ புது மினுக்கமோ இருந்தால் கத்தி கழற்றப்பட்டிருக்கிறது. ஒரு கத்தியின் அலகும் இன்னொன்றின் பிடியும் சேர்ந்த கத்திகள் இப்படித்தான் பிறக்கின்றன.

உறை

புதியவர்கள் உறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என்னை மாற்றியது கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மாவின் குசினி.

நண்பரின் பெரியம்மா அவர். அவருடைய அப்பா போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். அந்தக் குசினியில் இருந்த கத்தியால் நாற்பது வருடம் பலாக்காய் வெட்டியிருக்கிறார்கள். முனை அரை அங்குலம் உடைந்திருந்தது, பிடியின் கறுப்பு முழுக்கப் போய் ஈயச் சாம்பல் நிறம் வந்திருந்தது. மூன்றாம் வடிவம், நாட்டின் பெயர் எங்கும் இல்லை, கைக்காப்பில் தேய்ந்த அம்புக்குறி. "உறை ஏதும் இருந்ததா அம்மா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தையல் மெஷினின் லாச்சியிலிருந்து எடுத்து வந்தார்.

எஃப்–எஸ் உறை எப்படி இருக்க வேண்டும் என்றால், பழுப்புத் தோல், நுனியை மூடும் பித்தளைக் குப்பி, மேலே இடுப்புப் பட்டி நுழைய ஒரு வளையம், பிடி விழாமல் சுற்றிப் பிடிக்க ஓர் இலாஸ்டிக் பட்டை, இரு பக்கமும் இரண்டு இரண்டாக நான்கு தோல் காதுகள். அந்தக் காதுகளைக் காற்சட்டையோடு வைத்துத் தைப்பதற்காக விட்டிருந்தார்கள். பலர் அவற்றை வெட்டி எறிந்துவிட்டார்கள். பெரியம்மாவின் உறையில் ஒரு காது மட்டும் மிச்சம். மற்ற மூன்றும் வெட்டிய இடத்தில் தோல் முனை கறுத்து, மழுங்கி, தையலோடு தையலாகக் கிடந்தது. புதிதாக வெட்டி 'பழசாக்கிய' உறையில் அந்த வெட்டு முகம் உள்ளே வெளிறிப் போயிருக்கும்.

இலாஸ்டிக் இழுபடவில்லை, காய்ந்த மரப்பட்டை போல உடைந்தது. அது நல்ல அடையாளம். எண்பது வருடம் கொழும்பு வெக்கையில் கிடந்த இறப்பர் இன்னும் சுண்டி இழுத்தால், அது மாற்றியது. மாற்றியிருப்பது குற்றமல்ல, ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்ல வேண்டும்.

பிறகு ஊதா விளக்கு. வீட்டுக் கதவைச் சாத்தி இருட்டில் அடித்துப் பார்த்தோம். பழைய பருத்தி நூலும் சணல் நூலும் அந்த வெளிச்சத்தில் மங்கலாகவே கிடக்கும். இன்றைய நூல் பலவற்றில் வெண்மைக்காகச் சேர்க்கும் இரசாயனம் இருப்பதால் நீலமாகப் பளிச்சென்று ஒளிரும். பெரியம்மாவின் உறையில் முழுத் தையலும் இருண்டு கிடக்க, பின்பக்கத்தில் இரண்டு அங்குலம் மட்டும் ஒளிர்ந்தது. "அது நான் தைச்சது தம்பி, எண்பத்தைஞ்சாம் ஆண்டளவில" என்றார். ஓர் உறை தன் கதையைத் தானே சொன்னதை அன்றுதான் பார்த்தேன். தையல் முழுக்க ஒளிரும் உறை என்றால், எவ்வளவு அழுக்காக இருந்தாலும் அதைப் பழசு என்று எடுக்காதீர்கள். ஒளிராவிட்டால் உடனே பழசு என்றும் எடுக்காதீர்கள், வெண்மையூட்டாத நூல் இன்றும் உண்டு.

தோலைப் பழசாகக் காட்டத் தேயிலைச் சாயமும் சப்பாத்து மையும் போதும். ஆனால் சாயம் மேற்பரப்பில்தான் நிற்கும். உறையின் வாயை ரோச்சால் பாருங்கள். உண்மையில் பழைய தோல் உள்ளேயும் கறுத்து, அலகு உரசிய இடத்தில் வழுவழுப்பாக இருக்கும். பித்தளை ஆணியும் குப்பியும் தோலைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு ஊறித் தோலுக்குள்ளேயே இறங்கியிருக்கும். பச்சை மேலே மட்டும் பூசினாற்போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்க எம்3 கத்திக்கு முதலில் வந்தது எம்6 தோலுறை, அதன் பிறகு எம்8 என்ற நார்ப் பிளாஸ்டிக் உறை. இடுப்புப் பட்டியில் மாட்டக் கம்பிக் கொளுக்கி சேர்ந்தது எம்8ஏ1. இந்தக் கடைசி உறையைப் போருக்குப் பிறகும் பயனெற்றுகளுக்காகச் செய்துகொண்டே இருந்தார்கள். 1943 அலகு எம்8ஏ1 உறையில் இருந்தால் கத்தி போலி அல்ல, உறை பிறகு சேர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனி விலை போடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் தவறவிட வேண்டாம். கத்தியை மெதுவாக உறைக்குள் இறக்குங்கள். கைக்காப்பு தோலில் உட்காரும் இடத்தில் அதன் வடிவத்திலேயே ஒரு அழுத்தத் தடம் இருக்கிறதா? அலகின் கறுப்பில் உரசல் கோடுகள் இருக்கின்றனவா? அவை உறையின் வாய் தொடும் இடத்தோடு ஒத்துவருகின்றனவா? இலாஸ்டிக் சுற்றியிருந்த இடத்தில் பிடியின் பூச்சுக் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறதா?

நீண்டகாலம் சேர்ந்திருந்த கத்தியும் உறையும் ஒன்றில் ஒன்று அடையாளம் விட்டிருக்கும். பெரியம்மாவின் கத்தி உறைக்குள் போனதும் கைக்காப்பு அந்தப் பள்ளத்தில் 'டொக்' என்று உட்கார்ந்தது. அம்புக்குறியைவிட அந்தச் சத்தம் எனக்குப் பெரிய சாட்சி. கள்ள முத்திரை குத்த ஒரு நிமிடம் போதும், இந்தப் பள்ளத்துக்கு எத்தனையோ வருடம் வேண்டும்.

விலையும் துண்டும்

சந்தேகம் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். எழுத்துள்ள இடம், கைக்காப்பு, நட்டு, உறையின் முன், பின், வாய், குப்பி என்று எல்லாவற்றையும் அளவுநாடாவோடு சேர்த்து எடுங்கள். "நாளைக்கு இருக்காது" என்று அவசரப்படுத்தினால், இல்லாமல் போகட்டும். எனக்கு இப்படிக் கைவிட்டதால் வந்த கவலை ஒன்றுகூட இல்லை, அவசரத்தில் வாங்கியதால் வந்தது நாலைந்து உண்டு.

வாங்கினால் பற்றுச்சீட்டுத் துண்டில் எழுதி வாங்குங்கள். "பழைய கத்தி ஒன்று" என்பது போதாது. எந்த வடிவம், எக்காலம் என்று விற்பவர் சொன்னதை அவரே எழுதட்டும். வாய் நிறையச் சொன்னவர் எழுதத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான். குடும்பத்துக் கத்தி என்றால் யாருடையது, எங்கே வேலை செய்தார், எந்த ஆண்டு என்பதை உயிரோடிருக்கும் மூத்தவரிடம் கேட்டு, திகதி போட்டு எழுதி, கத்தியோடு வையுங்கள். அந்தக் கடதாசி இல்லாமல் ஒரு தலைமுறை போனால் அதுவும் வெறும் கடைக்கதைதான்.

வாங்கிய கத்தியைச் சுற்றிக் கட்டி, துண்டோடு நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் சுற்ற வேண்டாம். சோதனைச் சாவடிகளுக்குள் வளர்ந்த நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் நாட்டுப் போர்க்காலத்துப் படைச் சாமான் எதையும் யாராவது காட்டினால் தொடாமல் வந்துவிடுங்கள், அது சேகரிப்பு அல்ல. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் இருப்பதை மறக்க வேண்டாம். கண்டிக் காலத்துக் கத்தி, வெள்ளி வேலைப்பாட்டுப் பிடி என்றால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

வீட்டில்

மினுக்காதீர்கள். பெரியம்மா நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டு, குப்பியைப் புளி போட்டு விளக்கி வைத்திருந்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் எண்பது வருடம் ஏறிய நிறம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. மென்மையான துணியால் தூசியைத் துடைத்து, அலகுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி. அவ்வளவுதான். தோலுக்கு எண்ணெய் வேண்டாம், ஊறி இளகித் தையல் விட்டுவிடும்.

கத்தியை உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் பதனிட்ட அமிலமும் வெள்ளவத்தைப் பக்கத்து உப்புக் காற்றும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் அலகில் புள்ளி விழும். உறைக்குள் அமிலமில்லாத கடதாசியைத் தளர்வாகச் சுருட்டி வைத்து, கத்தியைப் பக்கத்தில் தனியே கிடத்துங்கள். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்று. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். தோலில் வெள்ளைப் பூஞ்சணம் கண்டால் உலர்ந்த தூரிகையால் வெளியே வைத்துத் தட்டிவிட்டு, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் விடுங்கள்.